சகுனி மாமாவின் சங்கிலி

எங்கள் சின்ன மாமா எனக்கு நாலணா தர வேண்டும். கடன் வாங்கியது 1943-ஆம் வருஷம். மண் உண்டியலில் நான் காலணாவும் அரையணாவுமாகச் சேர்த்து வைத்திருந்த காசு அது. "குடு தாயி, பொழுது சாயறதுக்குள்ளே எட்டணாவாத் தந்திர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். பொழுது சாய்ந்தது, மாமா வந்தார், எட்டணா வரவில்லை. இன்று மாமாவும் இல்லை. அணாக் காசும் செல்லாது. ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஊரில் அவருக்குச் 'சகுனி' என்று பெயர். பாரதத்துச் சகுனியும் ஒரு மாமாதானே! அதனால் நாங்கள் குழந்தைகளும் 'சகுனி மாமா' என்றே கூப்பிட்டு வந்தோம். அவருக்கு அதில் கோபமே கிடையாது. "சகுனி லேசுப்பட்டவனா? அவன் ஆட்டத்திலே ஒரு நாளும் தோத்ததில்லே. நான் அப்படியா?" என்று சிரிப்பார்.

எங்கள் ஊர் புதூர். விளாத்திகுளத்துக்கும் நாகலாபுரத்துக்கும் பக்கம். அன்று திருநெல்வேலி ஜில்லா. இன்று தூத்துக்குடி மாவட்டம். ரயில் ஏற வேண்டுமானால் கோவில்பட்டிக்குப் போக வேண்டும். கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் காடு. மழை பெய்தால் கருங்கண்ணிப் பருத்தி, கம்பு, மிளகாய். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வானத்தை நம்பி விதை போடுகிற எங்கள் ஊர்க்காரர்களை விடப் பெரிய சூதாடிகள் யார் என்று மாமா கேட்பார். அப்பாவுக்கு அந்தப் பேச்சு அறவே பிடிக்காது.

அப்பா வத்தல் மிளகாயும் பருத்தியும் வாங்கி விற்கிற வியாபாரி. ஒரு தம்படி கணக்கில் இடித்தாலும் ராத்தூக்கம் வராது. அம்மாவுக்கு மாமா ஒரே தம்பி. அவரைப் பெற்ற கையோடு பாட்டி கண்ணை மூடிவிட்டாளாம். எட்டு வயசுப் பெண்ணாக இருந்த அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது சீர் வரிசையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்லுவார். பாதி வேடிக்கைதான்.

மாமாவுக்குத் தெரியாத ஆட்டம் கிடையாது. மூணு சீட்டு, மங்காத்தா, சேவல் கட்டு எல்லாம் வெளியே. வீட்டுக்குள்ளே எங்களோடு தாயக்கட்டை. ஏகாதசி இரவு பெண்கள் பரமபதம் ஆடும்போது மாமாவும் வந்து உட்காருவார். அவருடைய காயை மட்டும் பாம்பு கொத்தாது. ஏதாவது கதை சொல்லிச் சிரிக்க வைத்து, நாங்கள் அசந்த நேரத்தில் ஒரு கட்டம் தள்ளி வைத்துவிடுவார். கண்டுபிடித்தால், "பாம்பே என்னைப் பார்த்துப் பாவம்னு விட்டுட்டுது" என்பார். அவரிடம் ஏமாறுவது கூட ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் சந்தோஷமில்லாத சமாசாரம் ஒன்றும் உண்டு. அதுதான் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி.

பன்னிரண்டு பவுன். தாய் வீட்டிலிருந்து அம்மாவுக்கு வந்த ஒரே பெரிய நகை. எங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு என்று பெட்டிக்குள் இருந்தது. 1939-இல் மாமா வந்து, "அக்கா, பருத்தி விலை ஏறப் போவுது. பத்து நாளைக்குச் சங்கிலியைக் குடு. அடகு வச்சு வாங்கிப் போட்டா, ரெட்டை வடம் நாலு வடமாயிரும்" என்று சொன்னாராம். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் பருத்தி வாங்கவில்லை. கோவில்பட்டியில் மூன்று ராத்திரி சீட்டாடினார். முதல் ராத்திரி பாதி போயிற்று. விட்டதைப் பிடிக்க இரண்டாம் ராத்திரி உட்கார்ந்தார். அதையும் பிடிக்க மூன்றாம் ராத்திரி. நாலாம் நாள் காலையில், இருந்த சில்லறைக்கு டிக்கெட் வாங்கி ரயில் ஏறியவர், எப்படியோ பம்பாய் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் சீமைக்காரர்கள் பலர் பம்பாய்த் தாராவியில் தோல் கிடங்குகளில் வேலை பார்த்து வந்தார்கள். மாமாவும் அங்கேதான் ஒண்டிக்கொண்டார் என்று கேள்வி. ஒரே ஒரு தபால் கார்டு வந்தது. 'அக்காவுக்கு நமஸ்காரம். சங்கிலி இல்லாமல் ஊரில் காலை வைக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தார். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப அவன் ஊருக்கு வரவே போறதில்லே" என்றார்.

ஆனால் வந்தார். 1942-ஆம் வருஷம், மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம். எனக்கு ஆறு வயது. யுத்த காலம், பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸெல்லாம் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப் புகையில் ஓடின. அப்படி ஒரு பஸ்ஸிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருவர் இறங்கி வந்தார். கையில் பெட்டி இல்லை, படுக்கை இல்லை. தோளில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி. முகமெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. அம்மா வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"சங்கிலி எங்கேலே?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்; அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"கடல்லே போயிட்டுதுக்கா" என்றார் மாமா.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்தோம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஆமணக்கெண்ணெய் விளக்கு ஒன்று முணுமுணுவென்று எரிந்தது. மாமா ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினாராம். கப்பலின் பெயர் 'திலாவா'. அதில் எப்படி ஏறினார் என்பதற்கு அவரிடம் மூன்று கதைகள் இருந்தன. ஒரு நாள், ஒரு குஜராத்தி வியாபாரி கணக்கு எழுத அழைத்துப் போனதாகச் சொல்லுவார். இன்னொரு நாள், கப்பல் சமையற்கட்டில் எடுபிடி வேலை கிடைத்ததாக. நல்ல உற்சாகத்தில் இருந்தால், ஒருவனுடைய பிரயாணத்தையே சீட்டாடி ஜெயித்ததாக. "மூணும் பொய்" என்பார் அப்பா.

ஆனால் கப்பல் முழுகின கதை மட்டும் எப்போதும் ஒன்றுதான். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கதை அளப்பதில் மன்னரான மாமா, அதை மட்டும் கதையாகச் சொல்ல மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்.

"பம்பாயை விட்டு மூணாம் நாள். விடியறதுக்கு ரொம்ப நேரம் இருந்தது. எல்லாரும் தூக்கம். தண்ணிக்குள்ளேயிருந்து ஜப்பான்காரன் குண்டு விட்டான். படகுகளை இறக்கினாங்க. பொம்பளைங்களும் பிள்ளைகளும் கத்தின கத்தல் இன்னும் காதிலே கிடக்குது. ஆனா கப்பல் முழுகல்லே. அப்படியே நின்னுது. 'கப்பல் நிக்குதே, பெட்டி படுக்கையை எடுத்துக்கிட்டு வந்திரலாம்'னு பாதிப் பேர் திரும்ப ஏறினாங்க. என் பெட்டியும் உள்ளேதான். சங்கிலி அதுக்குள்ளே. நானும் ஏணியிலே ஒரு காலை வச்சுட்டேன்."

இங்கே கொஞ்சம் நிறுத்துவார்.

"வச்ச காலை எடுத்துட்டேன்க்கா. விட்டதைப் பிடிக்கப் போனவன் ஒருத்தனாவது உருப்பட்டு நான் பார்த்ததில்லே. கோவில்பட்டியிலே அதைத்தானே படிச்சேன்? படகிலே உட்கார்ந்துட்டேன். அப்புறந்தான் ரெண்டாவது குண்டு வந்தது. அதுக்கப்புறம் கப்பல் நிக்கல்லே. திரும்பி ஏறினவங்களும் வரல்லே."

இரண்டு நாள் கடலில் கிடந்தார்களாம். பிறகு 'பருமிங்கம்' என்ற இங்கிலீஷ்காரப் போர்க்கப்பல் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு பம்பாயில் கொண்டு வந்து விட்டதாம். கம்பளி அவர்கள் கொடுத்தது. கடைசியில் ஒன்று சொல்லுவார்: "அந்தக் கப்பல்லே வெள்ளி இருந்தது அத்தான். கட்டி கட்டியா. துறைமுகத்து ஆளுக சொன்னாங்க. நம்ம வத்தல் கிட்டங்கி கொள்ளாது."

அப்பா அதுவரை பேசாமல் இருந்தவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "கப்பல் நிறைய வெள்ளி. பெட்டிக்குள்ளே தங்கம். எல்லாம் கடலுக்கு அடியிலே. மாப்ளே, எவனும் போய் எண்ணிப் பார்க்க முடியாத இடமாப் பார்த்துத்தான் கணக்கை வச்சிருக்கே."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மாமா கூடச் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம். "சங்கிலி கிடைச்சதுன்னா ஊருக்குல்லா வரணும்? அதைத் தூக்கிக்கிட்டு ஆப்பிரிக்காவுக்கு எதுக்குலே போனே?"

"நான் வாங்கினது ஒத்தை வடம்க்கா. உன்னோடது ரெட்டை வடமாச்சே. அங்கே போயி இன்னொரு வடத்துக்குச் சம்பாதிச்சுக்கிட்டு வரலாம்னு போனேன்."

இதற்கு மறுபடியும் ஒரு சிரிப்பு. இவ்வளவு சாமர்த்தியமான பதிலை ஒருவன் யோசித்து வைக்காமல் சொல்ல முடியுமா என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

1946-இல் அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இரட்டை வடச் சங்கிலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். இல்லை என்றதும் பேச்சு முறிந்துவிடும் போல் ஆயிற்று. அப்பா மூன்று குறுக்கம் பருத்திக் காட்டை விற்றார். பத்திரம் முடித்து வந்த அன்று அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பந்தலில் மாமா ஓடி ஓடி வேலை செய்தார். ஆனால் யார் கண்ணையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அவரைக் காணோம். தேடிப் போன நான், மாட்டுத் தொழுவத்தில் வண்டி நுகத்தின் மேல் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பரமபதத்தில் சிரிக்கிற மாமா இல்லை அவர். பத்து வயசுப் பெண்ணுக்கு என்ன சொல்லத் தெரியும்? பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிற்பாடு அவர் ஒரு வத்தல் மண்டியில் கணக்கெழுதப் போனார். மாதா மாதம் அம்மாவின் கையில் ஐந்தோ பத்தோ கொடுப்பார். சீட்டை விட்டாரா என்றால், இல்லை. சனிக்கிழமை தவறாமல் ஆடப் போவார். ஆனால் மடியில் எட்டணா. அதற்கு மேல் ஒரு காசு கொண்டு போக மாட்டார். எட்டணா போயிற்றோ, வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். கூட ஆடுகிறவர்கள், "சகுனிக்குக் கடல் தண்ணி குடிச்சதிலே தைரியம் போயிட்டுது" என்று கேலி செய்வார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள். "விட்டது விட்டதுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். (என்னுடைய நாலணாவும் அப்படி விட்டதில் சேர்த்திதான்.)

அப்பா கூட ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "உன் தம்பி சொல்றதிலே ஒண்ணையும் நான் நம்பல்லே. ஆனா சூதாடிப் பய, தோத்தவுடனே எழுந்து வர்றானே, அது எப்படீன்னுதான் விளங்கல்லே."

அம்மா நம்பினாளா? வாய் விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை. சங்கிலிப் பேச்சு வந்தால், "ஆமா, ஆப்பிரிக்காவிலே இருக்குது, போய் வாங்கிட்டு வா" என்று வெடுக்கென்று சொல்லுவாள். ஆனால் அந்தச் சாம்பல் நிறக் கம்பளி இருக்கிறதே, அதை அவள் துவைத்து, வெயிலில் போட்டு, காய்ந்த வேப்பிலைக்கு நடுவே பெட்டியில் வைத்திருந்தாள். அக்காவும் நானும் பேறுகாலத்துக்கு வந்தபோதெல்லாம், பிறந்த குழந்தையை முதல் முதலில் அந்தக் கம்பளியில்தான் போடுவாள். "கடலே வேண்டாம்னு திருப்பிக் குடுத்த ஆளோட கம்பளி. பிள்ளைக்குக் கண்டம் ஒண்ணும் வராது" என்பாள். முரட்டுக் கம்பளி; பச்சைக் குழந்தைக்குக் குத்தும். சொன்னால் கேட்க மாட்டாள். பொய்க் கதை என்று நினைக்கிறவள் செய்கிற காரியமா இது?

1968-இல் மாமா காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாதான் தலைமாட்டில் இருந்தாள். பிறகு அப்பா, 1984-இல் அம்மா. கம்பளியைக் கடைசியில் பூச்சி அரித்துவிட்டது. சகுனி மாமாவின் கப்பல் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாக மிஞ்சியது. நானே பேரன் பேத்திகளுக்கு எத்தனையோ தரம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

2024-ஆம் வருஷம் ஒரு நாள். என் பேரன், "பாட்டி, உங்க மாமா ஏறின கப்பலுக்கு என்ன பேர் சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "திலாவா" என்றேன். அவன் கையிலிருந்த போனைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தான். நான் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டேன்.

கப்பல் உண்மை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 'திலாவா' 1942 நவம்பர் 20 அன்று பம்பாயை விட்டுப் புறப்பட்டது. மொம்பாசா, டர்பன் முதலிய ஊர்களுக்குப் போகிற கப்பல். 23-ஆம் தேதி விடியுமுன்னே ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அதைத் தாக்கியது. ஒரு குண்டு அல்ல, இரண்டு. முதல் குண்டில் கப்பல் முழுகவில்லை; அதை நம்பித் திரும்பி ஏறியவர்கள் இரண்டாவது குண்டில் அகப்பட்டுக்கொண்டார்கள். மொத்தம் 958 பேரில் 280 பேர் மாண்டார்கள். 25-ஆம் தேதி 'பர்மிங்காம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து, பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு 27-ஆம் தேதி பம்பாய் சேர்த்தது. மாமா சொன்ன 'பருமிங்கம்'!

இன்னொன்று கேளுங்கள். தாக்கிய நீர்மூழ்கியின் பெயர் ஐ-29. அதுவேதான் ஐந்து மாதம் கழித்து, 1943 ஏப்ரலில், மடகாஸ்கர் பக்கத்துக் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படத்தை மாட்டியிருந்தவர் அப்பா. மைத்துனனைக் கடலில் தள்ளியதும் தலைவரைக் கொண்டு வந்து சேர்த்ததும் ஒரே கப்பல் என்று தெரிந்திருந்தால், எந்தக் கணக்கில் அதை எழுதியிருப்பாரோ!

"வெள்ளி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாக வரவில்லை.

வெள்ளியும் உண்மை. 2,364 கட்டிகள். சுமார் 60 டன். தென்னாப்பிரிக்க அரசாங்கம் நாணயம் அடிப்பதற்காக வாங்கியது. எழுபத்தைந்து வருஷம் கடலுக்கு அடியில் கிடந்ததை 2017-இல் வெளியே எடுத்துவிட்டார்கள். இரண்டரைக் கிலோ மீட்டர் ஆழம். எடுத்தவர்களுக்குக் கூலி உண்டா, இல்லையா என்று வழக்கு லண்டன் வரை போய், 2024 மே மாதம் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவின் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 'எவனும் போய் எண்ணிப் பார்க்க முடியாத இடம்' என்று அப்பா சொன்னாரே, போய் எண்ணியே விட்டார்கள்!

"வேறே ஏதாவது எடுத்தாங்களாடா? டிரங்குப் பெட்டி மாதிரி?" என்று கேட்டேன்.

"வெள்ளியைப் பத்தித்தான் போட்டிருக்கு பாட்டி" என்றான் பேரன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் காதில் கேட்டது. மாமா பரமபதத்தில் காயைத் தள்ளி வைத்தபோது ஆசையாக ஏமாந்தோம். சேவல் கதையும் சீட்டுக் கதையும் அளந்தபோது வாயைப் பிளந்துகொண்டு நம்பினோம். அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தோம். பொய்யனுடைய வாயில் உண்மை வந்தால் அதற்கு உட்கார இடம் கொடுக்கிறவர் யார்? அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, மாதா மாதம் ஐந்தும் பத்துமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி நிஜமானால், சங்கிலி? அந்த ஒற்றை வடம் நிஜமாகவே பெட்டிக்குள் இருந்ததா? இதற்குச் சாட்சி சொல்ல எந்தக் கோர்ட்டும் கிடையாது. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பெட்டி வெறும் பெட்டியாக இருந்திருந்தால், ஏணியில் வைத்த காலை எடுப்பது அவ்வளவு பெரிய காரியமா? வருஷக்கணக்காக அதை நினைத்து நினைத்துப் பேச்சை நிறுத்தியிருப்பாரா? அன்றைக்கு அவர் விட்டுவிட்டு வந்தது வெறும் பெட்டியை அல்ல. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை. 'சங்கிலி இல்லாமல் காலை வைக்க மாட்டேன்' என்று எழுதியவர், வெறுங்கையோடு வந்து வாசலில் நிற்பதற்கு எத்தனை தைரியம் வேண்டியிருந்திருக்கும்! தைரியம் போய்விட்டது என்று ஊர் சொன்னதே, அதைவிடப் பெரிய பிசகு வேறொன்றில்லை.

அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. அவளுக்குத் தங்கத்துக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. வளர்த்த பிள்ளை, திரும்பி ஏறாமல் படகில் உட்கார்ந்தானே, அது போதும் என்று கம்பளியை மடித்து வைத்துக்கொண்டாள்.

நான் இப்போது மாமாவின் கதையை மாற்றிச் சொல்லுகிறேன். வெள்ளியையும் குண்டையும் போர்க்கப்பலையும் சொல்லிவிட்டு, "பெட்டிக்குள்ளே சங்கிலி இருந்தது" என்று நானே முடித்துவிடுகிறேன். குழந்தைகள் சிரிப்பதில்லை.

என்னுடைய நாலணா சமாசாரத்தில் மட்டும் அவர் சொன்னது சுத்தப் பொய். அதை நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்லுவேன்.